பத்தாம் வகுப்புக்குப் பிறகு: வெல்டரா, பிட்டரா, பாலிடெக்னிக்கா?

துறையூர்ப்பெண்:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி இந்த ஆண்டு அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்பு தேர்ச்சி பெற்றிருக்கிறான். கணக்கில் 48 மதிப்பெண்தான். பம்புசெட் மோட்டாரைப் பிரித்து மாட்டுவதிலும் மாமாவின் கிரில் பட்டறையில் உடன் நிற்பதிலும் இருக்கும் ஆர்வம் அவனுக்குப் பாடப் புத்தகத்தில் இல்லை. திருவெறும்பூர் அரசு ஐ.டி.ஐ.யில் ஓராண்டில் முடியும் வெல்டர் பிரிவில் சேர்க்கச் சொல்கிறார் மாமா. பள்ளி ஆசிரியரோ மூன்றாண்டு மெக்கானிக்கல் டிப்ளமோதான் நல்லது என்கிறார். அவனுடைய நண்பர்கள் கம்ப்யூட்டர் படிப்பான கோபாவுக்குப் போகிறார்கள். அப்பாவால் இப்போது வேலைக்குப் போக முடியாததால் அவன் விரைவில் சம்பாதிக்க வேண்டிய நிலை இருக்கிறது. அதே நேரத்தில், பின்னாளில் மேலே படிக்க விரும்பினால் அந்த வழி அடைபட்டிருக்கக் கூடாது என்றும் நினைக்கிறேன். எதில் சேர்ப்பது சரி?

ஓய்வுபெற்ற பயிற்றுநர்:

அம்மா, உங்கள் இரண்டு தேவைகளுக்கும் பொருந்துவது இரண்டாண்டுப் பிரிவுதான்; உங்கள் தம்பிக்கு, இயந்திரப் பாகங்களை அளவாகச் சீராக்கிப் பொருத்தக் கற்றுத்தரும் பிட்டர் பிரிவைச் சொல்வேன். இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ முடித்தபின் பி.இ. படிப்பிலும் அதேபோல் இரண்டாம் ஆண்டில் சேர முடியும். வெல்டர், கோபா ஆகிய ஓராண்டுப் பிரிவுகளுக்கு இந்த நேரடிச் சேர்க்கை இல்லை என்பதைச் சேரும் நாளில் பலருக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான தகுதியும் இப்படித்தான்: பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டு ஐ.டி.ஐ. முடித்து, பன்னிரண்டாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தாள்களை எழுதித் தேர்ச்சி பெற்றால் தமிழக அரசு அந்தத் தகுதியை வழங்குகிறது.

பிட்டர் பிரிவின் தொடக்க மாதங்கள் அரம் போடுவதிலும் ஹேக்சா அறுப்பதிலும் கழியும். இதைச் சலிப்பென்று எண்ணிப் பாதியில் நின்றுவிடும் பிள்ளைகள் உண்டு. ஆனால் ஓர் இரும்புத் துண்டைச் சதுரமாக்கி, மட்டம் பார்த்து, மைக்ரோமீட்டரில் நூற்றில் ஒரு மில்லிமீட்டர் வரை அளந்து பழகும் கைக்குத்தான், பின்னால் கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரத்தின் முன் நிற்கும்போது எந்த அளவு ஏன் தவறுகிறது என்பது புரியும். பயிற்சி முடிந்தபின் 1961ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டப்படி பொன்மலை ரயில்வே பணிமனை, பெல் (பி.எச்.இ.எல்.) கொதிகலன் தொழிற்சாலை போன்ற இடங்களில் உதவித்தொகையுடன் தொழில் பழகலாம். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் பணிக்கு ஏற்கப்படும் ஐ.டி.ஐ. பிரிவுகளில் பிட்டர் இருக்கிறது, வெல்டர் இல்லை.

அரசு ஐ.டி.ஐ.யில் படிக்கும்போதே மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் இலவசப் பேருந்து அட்டையும் உண்டு. அரசுப் பள்ளி மாணவர் என்பதால், தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் 1000 ரூபாய் கிடைக்குமா என்பதையும் சேரும்போதே கேட்டு விண்ணப்பியுங்கள்.

துவாக்குடி பட்டறை:

ஐயா சொன்ன படிப்பு வழிகளை நான் மறுக்கவில்லை. ஆனாலும் திருச்சியில் இருந்துகொண்டு வெல்டர் பிரிவை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. பெல் நிறுவனத்தைச் சுற்றி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் நல்ல வெல்டருக்கு எப்போதும் தேடல்தான். ராடு பிடித்துக் கதவு, கிரில் ஒட்டத் தெரிந்தவரை இங்கே நான் வெல்டர் என்று கணக்கில் எடுப்பதில்லை. மந்த வாயுவின் பாதுகாப்பில் ஒட்டும் டிக் முறையில் வேர்ப்பற்று எனும் முதல் அடுக்கைப் போட்டு, 45 டிகிரி சாய்வில் அசையாமல் நிறுத்திய குழாயைச் சுற்றிலும் ஒட்டி, எக்ஸ்ரே சோதனையில் தேறுபவரே எங்களுக்குத் தேவை. கொதிகலனின் அழுத்தப் பாகங்களில் கை வைக்கவே ஐ.பி.ஆர். எனும் இந்தியக் கொதிகலன் விதிகளின்படி தனிச் சான்று வேண்டும். அதுவும் குறிப்பிட்ட காலத்துக்கே செல்லும். ஓராண்டுப் படிப்பு அந்தத் திறமைக்குத் தொடக்கம் மட்டுமே. அதன் பிறகு அனுபவமுள்ள ஒருவரிடம் பொறுமையாக நின்று பழகத் தயாராக இருக்கும் பையனுக்கு வருமானம் விரைவில் வரும். கண்ணையும் நுரையீரலையும் காக்கும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே கைக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல விரும்புகிறேன்.

பாலிடெக்னிக் ஆசிரியை:

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். ஐ.டி.ஐ. முடித்து எங்களிடம் இரண்டாம் ஆண்டில் சேரும் மாணவர்கள் பணிமனையில் மற்றவர்களைவிட ஒரு படி மேலே நிற்கிறார்கள். ஆனால் முதலாண்டுக் கணிதமும் இயற்பியலும் படிக்காமல் வருவதால், பொருள்களின் வலிமை போன்ற பாடங்களில் திணறுகிறார்கள். ஆகவே பிட்டர் படிக்கும் இரண்டாண்டுகளிலும் பணிமனைக் கணக்குப் பாடத்தைத் தேர்வுக்காக மட்டும் படிக்காமல், முக்கோணவியலையும் இயற்கணிதத்தையும் மாலையில் சிறிது நேரம் தொடர்ந்து பயிலட்டும். 48 மதிப்பெண் பெற்ற பிள்ளையை இப்போதே டிப்ளமோவில் சேர்ப்பது அவன் நம்பிக்கையைக் குலைத்துவிடுமோ என்று அஞ்சுகிறேன். கணினித் துறையில் உண்மையான விருப்பம் இருந்தால் கம்ப்யூட்டர் டிப்ளமோ நல்ல படிப்பு. நண்பர்கள் போகிறார்கள் என்பதற்காகக் கோபாவில் சேர வேண்டாம்.

துறையூர்ப்பெண்:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. கோபா வேண்டாம் என்று அவனே சொல்லிவிட்டான். கலந்தாய்வில் பிட்டர் இடம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது?

ஓய்வுபெற்ற பயிற்றுநர்:

மோட்டாரைப் பிரித்து மாட்டும் பையன் என்பதால் அடுத்ததாக எலக்ட்ரீசியன், அதற்கடுத்து டர்னர், மெஷினிஸ்ட் என்று விருப்பம் கொடுங்கள். எல்லாமே இரண்டாண்டுப் பிரிவுகள். அரசு நிலையத்தில் இவை எதுவும் கிடைக்காமல் தனியார் ஐ.டி.ஐ.க்குப் போக நேர்ந்தால், அங்கே குறிப்பிட்ட அந்தப் பிரிவுக்கே மத்திய அரசின் தொழிற்பயிற்சி அங்கீகாரம் (என்.சி.வி.டி. என்பார்கள்) இருக்கிறதா என்பதைக் கட்டணம் செலுத்துவதற்கு முன் மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பணிமனைக்குள் சென்று, லேத்துகள் உண்மையில் ஓடுகின்றனவா, இரும்பை இறுகப் பிடிக்கும் வைஸ் ஒன்றுக்கு எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதையும் நேரில் பாருங்கள்.