இடைவெளிகளை எபோக்சியால் அடைத்த பிறகும் மரப்படகில் நீர் ஏறுகிறது: உதவி தேவை

பழம்படகு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 14 அடி நீளமுள்ள பழைய துடுப்புப் படகு ஒன்றைக் கைக்கருவிகளைக் கொண்டே சீரமைத்து வருகிறேன். பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல், விளிம்போடு விளிம்பு பொருந்தும்படி கட்டப்பட்ட படகு அது. பலகையின் கனம் 20 மி.மீ., அகலம் ஏறத்தாழ 150 மி.மீ.; ஒரு பக்கத்திற்கு 6 பலகைகள். 6 ஆண்டுகள் கூரையின் கீழ் உலர்ந்து கிடந்ததால் பலகைகளுக்கிடையே 3 மி.மீ. வரை இடைவெளி விழுந்து, உள்ளே குனிந்து பார்த்தால் வெளிச்சம் கோடு கோடாகத் தெரிந்தது.

வீட்டு மரவேலையில் பழகிய கை என்பதால், பலகை இடுக்குகளில் நீர் புகாதபடி திணித்திருந்த பழைய பஞ்சையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, வலப்பக்க இடைவெளிகள் அனைத்தையும் எபோக்சி மக்கு (கல்போல் இறுகும் பிசின் கலவை) வைத்து அடைத்தேன். இடப்பக்கத்தில் பழைய பஞ்சை அப்படியே விட்டு, மேலே வண்ணம் மட்டும் பூசினேன். நீரில் இறக்கிய முதல் நாள் இரு பக்கமும் கசிந்தன. நான்காம் நாள் இடப்பக்கம் தானாகவே அடைபட்டுவிட்டது. நான் பாடுபட்டு அடைத்த வலப்பக்கத்திலோ இரண்டு வங்குகள் (பலகைகளை உட்புறம் பிணைக்கும், விலா எலும்பு போன்ற வளைந்த கட்டைகள்) விரிசல் கண்டன. ஆணித் தலைகள் சில வெளியே துருத்திக்கொண்டு நிற்கின்றன. ஏராக்கட்டையை (படகின் அடியில் நெடுக ஓடும் முதுகெலும்புக் கட்டை) ஒட்டி நீர் இன்னும் ஏறுகிறது. இப்போது கரையேற்றி வைத்திருக்கிறேன். எபோக்சியின் மேல் இன்னொரு பூச்சு கொடுத்தால் சரியாகுமா?

கொட்டாப்புளி எழுதியது:

வேண்டாம் ஐயா, இன்னொரு பூச்சு கொடுத்தால் மூன்றாவது வங்கும் போகும். மரம் ஈரம் குடித்தால் நார்வாக்கில் அநேகமாக விரிவதே இல்லை, குறுக்குவாக்கில்தான் விரிகிறது. தங்கள் அளவையே எடுத்துக்கொள்வோம். உலரும்போது பலகைக்கு 3 மி.மீ. சுருங்கியது என்றால், நனையும்போது அதே 3 மி.மீ. திரும்பி வர வேண்டும். 6 பலகைக்கு 18 மி.மீ. அந்த இடத்தைத் தாங்கள் கல் போன்ற ஒன்றால் நிரப்பிவிட்டீர்கள். பஞ்சு நசுங்கிக் கொடுக்கும், எபோக்சி கொடுக்காது. வங்குகளோ பலகைகளுக்குக் குறுக்கே நார் ஓடும்படி நிற்பவை, அவை நீளப்போவதில்லை. பக்கம் முழுவதும் 18 மி.மீ. அகலப் பார்க்கும்போது ஒன்று ஆணி பிடுங்கிக்கொள்ள வேண்டும், அல்லது வங்கு ஒடிய வேண்டும். தங்களுக்கு இரண்டுமே நடந்திருக்கின்றன.

எபோக்சியை எடுக்க வெப்பக்காற்றுக் கருவியால் மெதுவாகச் சூடேற்றுங்கள். இளகியதும் கொக்கிபோல் வளைத்த பழைய அரத்தின் வாலால் இழுத்தால் நாடாவாக வந்துவிடும். வட்ட ரம்பத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பலகை விளிம்பு வெளிப்புறம் சற்றுத் திறந்தும் உட்புறம் மூடியும் ஆப்பு வடிவில் இருப்பதால்தான் பஞ்சு உள்ளே விழாமல் நிற்கிறது. ரம்பம் ஓட்டினால் அந்த வடிவம் போய்விடும்.

பிறகு கலப்பத்து, அதாவது இடுக்குகளில் பஞ்சு அடைக்கும் வேலை. பஞ்சுத் திரியைச் சிறு சிறு மடிப்புகளாகச் செருகி, கலப்பத்து உளியால் பலகைக் கனத்தில் பாதிக்குச் சற்று மேல் நிரம்பும் அளவுக்கு அடியுங்கள். அளவைக் காதே சொல்லும்: தொடக்கத்தில் மந்தமாகக் கேட்கும் கொட்டாப்புளியின் (மரச்சுத்தியல்) ஓசை, பஞ்சு போதிய இறுக்கம் பெற்றதும் கணீரென்று மாறும். அந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். உலர்ந்த படகில் அதற்கு மேல் அடித்தால் எபோக்சி செய்த வேலையைப் பஞ்சே செய்துவிடும். பஞ்சின் மேல் அடிப்பூச்சு ஒரு கை கொடுத்து, எண்ணெயில் பிசைந்த மென்மக்கை மேற்பரப்புக்குச் சற்றுக் குழிவாகவே வையுங்கள். பலகை விரியும்போது அது பிதுங்கி மட்டமாகும்.

ஆனால் ஏராக்கட்டை ஓரத்துக் கசிவுக்கு எபோக்சி காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. அங்கே என்ன ஆணி இருக்கிறது?

உலர்துறை எழுதியது:

கலப்பத்துக்கு முன்பே படகை ஊறவைக்க வேண்டும் என்பது என் கருத்து. ஈரச் சாக்குகளை உள்ளே விரித்து இரண்டு வாரம் நனைத்து வந்தால், எந்த இடைவெளி தானாக மூடும், எதற்கு உண்மையிலேயே பஞ்சு வேண்டும் என்பது தெரிந்துவிடும். கசியும் இடத்தைக் கண்டறிய, கரையில் இருக்கும்போதே உள்ளே நான்கு விரல் அளவு நீர் ஊற்றி வெளியே எங்கே முத்து முத்தாக அரும்புகிறது என்று பார்த்துச் சுண்ணக்கட்டியால் குறியுங்கள். ஒரு சாண் ஊற்றிவிட வேண்டாம். இந்த நீளப் படகில் அது சில நூறு கிலோ எடை. ஏராக்கட்டைக்கு அடியில் நெடுகத் தாங்கல் இல்லாவிட்டால் படகின் உருவமே கெட்டுப்போகும். நன்னீர் தேங்கினால் மரம் உளுக்கும் என்பதால், சோதனை முடிந்ததும் வடித்துவிடுங்கள்.

கொட்டாப்புளி எழுதியது:

முன்கூட்டி ஊறவைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஈர மரத்தில் மென்மக்கும் வண்ணமும் ஒழுங்காகப் பிடிக்காது. நீர் ஊற்றிப் பார்க்கும் சோதனை நல்லது.

பழம்படகு எழுதியது:

இருவருக்கும் நன்றி. எபோக்சி முழுவதையும் எடுக்கப் பதினொரு மாலைப் பொழுதுகள் ஆயின. நீர் ஊற்றிப் பார்த்தபோது ஏராவை அடுத்த பலகையில் ஐந்து இடங்களில் துளி அரும்பியது. ஐந்தும் ஆணித் தலைகளைச் சுற்றியே. இரும்பு ஆணிகள்தாம். ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தேன்: தலையும் நுனியும் முழுதாக இருக்க, பலகையும் வங்கும் சந்திக்கும் இடத்தில் மட்டும் அரித்து, இடுப்பொடுங்கி, தீக்குச்சியளவு மெலிந்திருந்தது. அடுத்தது விரலிலேயே முறிந்தது. ஆணியைச் சுற்றி மரம் கறுத்து, குத்தூசி தடையின்றி இறங்குகிறது.

கொட்டாப்புளி எழுதியது:

நோய் அகப்பட்டுவிட்டது. துருப்பிடித்த இரும்பு, தான் மெலிவதோடு நில்லாமல் சுற்றியுள்ள மரத்தின் நாரையும் சிதைத்துவிடும். அதே துளையில் புது ஆணி அடித்தால் பிடிக்காது. கறுத்த பகுதியைத் துரப்பணத்தால் துளைத்தெடுத்து, நல்ல மரத்தில் முளை (துளையை அடைக்கும் மரக்குச்சி) செய்து ஒட்டி, சற்றுத் தள்ளிப் புதிய துளை இடுங்கள். செம்பு ஆணியைச் செலுத்தி உட்புறம் செம்பு வளையம் மாட்டி, மிஞ்சிய நுனியை வெட்டி, வளையத்தின் மேல் தலைபோல் விரியும்படி தட்டுவதே நெடுநாள் நிற்கும். பித்தளைத் திருகாணி உப்புநீரில் துத்தநாகம் இழந்து உளுத்துவிடும். செம்பும் பழைய இரும்பும் அருகருகே உப்புநீரில் இருந்தால் இரும்பு இன்னும் விரைவாக அரிக்கும். ஆகவே அந்தப் பலகையின் ஆணிகள் அனைத்தையும் ஒரே முறையில் மாற்றிவிடுங்கள்.

வங்குகளுக்கு, சூளையில் உலர்த்தாத, நேர் நார் மரத்தை எடுங்கள். 25 மி.மீ. கனத்துக்கு ஒரு மணி நேரம் என்ற கணக்கில் ஆவியில் வேகவைத்து, வெளியே எடுத்த அரை நிமிடத்துக்குள் வளைத்துப் பிணைத்துவிட வேண்டும். பழையதை ஒன்று எடுத்து, அதன் இடத்தில் புதியதை இட்ட பின்பே அடுத்ததைத் தொடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் பலகை தன் பழைய வளைவை மறந்துவிடும்.

பழம்படகு எழுதியது:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். இரு வங்குகளும் மாறிவிட்டன. முதல் முயற்சியில் ஒரு மரம் வளைவின் நடுவே நார் பிளந்து வீணாயிற்று. ஏராவை ஒட்டிய பலகையின் ஆணிகள் அனைத்தும் செம்பாகிவிட்டன. நீரில் இறக்கிய முதல் நாள் நான்கு வாளி நீர் இறைத்தேன். மூன்றாம் நாள் ஒரு குவளைதான். ஆனால் அந்த ஒரு குவளை பத்து நாளாகியும் நிற்கவில்லை. அணியத்தில் (படகின் முன்பகுதி), முகப்புக்கட்டையும் ஏராவும் சாய்வாக இணையும் மூட்டிலிருந்து வருவதாகத் தெரிகிறது. அங்கே பஞ்சு வைக்க இடைவெளியே இல்லை.

உலர்துறை எழுதியது:

அந்த மூட்டுக்குக் குறுக்கே, பலகை விளிம்பு பதியும் பள்ளத்தை ஒட்டி, மென்மரத்தால் ஒரு முளை இருக்க வேண்டும். மூட்டு வழியாக ஊர்ந்து வரும் நீரைத் தான் நனைந்து உப்பி மறிப்பதுதான் அதன் வேலை. இற்றுப்போயிருக்கும், அல்லது முன்பு யாரோ இடாமலே விட்டிருப்பார்கள். முகப்பு வண்ணத்தைச் சுரண்டி, விரற்கனத்தில் வட்டமான முளைத்தலை ஏதும் தெரிகிறதா என்று பாருங்கள்.

பழம்படகு எழுதியது:

சுரண்டினேன். வட்டம் இருக்கிறது, முளை இல்லை. உள்ளே கறுத்த தூள்தான். காய்ந்த மென்மரத்தில் ஒன்று செதுக்கிக்கொண்டிருக்கிறேன்.