கொழும்பு ரோயிங் பயணம்: பணம் எங்கே நிற்கிறது (புதுப்பிப்பு)

அடையாற்றில் ரோயிங் (துடுப்புப் படகு) பயிற்சி எடுக்கும் எங்கள் பெண்கள் அணியைக் கொழும்பு பேர வாவிப் போட்டிக்கு அனுப்பப் பணம் கேட்டு எழுதியிருந்தேன் அல்லவா, அதன் நிலவரம் இது.

விமான டிக்கெட்டுக்கும் தங்குவதற்கும் சேர்ந்துவிட்டது. பெரிய தொகை தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனம் கடைசியில் கையை விரித்துவிட்டது. நூறும் இருநூறுமாக நீங்கள் ஜிபேயில் போட்டதுதான் காப்பாற்றியது.

படகை எப்படிக் கொண்டுபோவீர்கள் என்று பலர் கேட்டீர்கள். கொண்டுபோவதில்லை. நால்வர் படகின் எடை 50 கிலோவை ஒட்டித்தான் இருக்கும், ஆனால் நீளம் சுமார் 13 மீட்டர்! துடுப்பே ஆளைவிட இரண்டு மடங்கு நீளம், அதையும் லக்கேஜில் போட முடியாது. இரண்டையும் அங்கேயே வாடகைக்கு எடுக்கிறோம். இப்போது குறைவது அந்த வாடகையும், படகில் கீறல் விழுந்தால் பிடித்துக்கொள்ளும் முன்பணமும்தான்.

அப்புறம், எங்கள் காக்ஸ் (துடுப்பு போடாமல் படகில் உட்கார்ந்து வழிநடத்துபவர்) 55 கிலோவுக்குக் குறைவு. விதிப்படி மீதி எடைக்கு மணல் மூட்டையைப் படகில் வைக்க வேண்டும். நல்லவேளை, மணலுக்கு யாரிடமும் நன்கொடை கேட்க வேண்டியதில்லை.

ரசீதுகளோடு முழுக் கணக்கை சனிக்கிழமை போடுகிறேன். முன்பணம் திரும்பி வந்தால் புதுத் துடுப்பு வாங்கப் போகும்.