ஆனி டிஃப்ராங்கோவுக்கு ஒரு புரொடியூசர் தேவைப்பட்டாரா?

மழைக்காகிதம்:
ஆனி டிஃப்ராங்கோவைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "பெரிய லேபிளில், அதாவது இசை வெளியீட்டுக் கம்பெனியில், சேர்ந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார்" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரத்துக்காரர், தானே பாட்டு எழுதிக் கிட்டாரோடு பாடுகிற பாடகி, 1970-இல் பிறந்தவர். பதினைந்து வயதிலிருந்தே பெற்றோரை விட்டுத் தனியாக வாழ்ந்தவர். 1990-இல் கடன் வாங்கி முதல் ஆல்பத்தை 500 கேசட் போட்டு, கச்சேரிக்குக் கச்சேரி தானே விற்றார். அதிலிருந்து வளர்ந்ததுதான் ரைச்சஸ் பேப் ரெக்கார்ட்ஸ் என்ற அவருடைய சொந்தக் கம்பெனி. பெரிய கம்பெனிகள் தேடி வந்தபோதும் கையெழுத்துப் போடவில்லை.

தனியாக நின்றது வெறும் வியாபார முடிவு இல்லை. அந்த இசை அப்படி ஒலிப்பதற்கே அதுதான் காரணம் என்பது என் கட்சி. அவர் வாசிக்கிற கையைக் கவனியுங்கள். ஒட்டு நகம் வைத்து, அது பிய்ந்துவிடாமல் விரலோடு சேர்த்து எலக்ட்ரிகல் டேப் சுற்றியிருப்பார். கட்டைவிரல் பேஸ் தந்தியை அறையும். மற்ற விரல்கள் மேல் தந்திகளைப் பிடுங்கி விடும். நடுவில் உள்ளங்கை விழுந்து சத்தத்தைச் சட்டென்று வெட்டும். டிரம்மர் இல்லாத குறையே தெரியாது. இதை ஒரு பெரிய ஸ்டுடியோவில் கொடுத்திருந்தால், முதல் வேலையாக அந்த முரட்டுத்தனத்தைத்தான் மழித்திருப்பார்கள்.

ஆறாம் தந்தி:
கையைப் பற்றிச் சொன்னதெல்லாம் சரி. ஆனால் காரணத்தைத் தவறான இடத்தில் வைக்கிறீர்கள். பேசிக்கொண்டும் குடித்துக்கொண்டும் இருக்கிற கூட்டத்தை ஒற்றைக் கிட்டாரோடு திரும்பிப் பார்க்க வைக்கவேண்டிய கட்டாயம் இருந்ததே, அதுதான் அந்தக் கையை உருவாக்கியது. சொந்தக் கம்பெனி உருவாக்கவில்லை. கம்பெனியின் விளைவு வேறு: வேண்டாம் என்று சொல்ல ஆளில்லாமல் போனது.

1999-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் ஒரு ஆல்பம், நவம்பரில் இன்னொன்று, இடையில் கதைசொல்லி யூட்டா பிலிப்ஸோடு சேர்ந்து ஒன்று. 2001-இல் இரட்டை ஆல்பம், 'ரெவலிங் / ரெக்கனிங்'. அதில் 29 பாடல்கள். அவற்றில் பாதி அபாரம். மீதிப் பாதி இன்னும் ஆறு மாதம் மேடையில் பாடிப் பழகியிருக்க வேண்டியவை. வரிகள் நெரிசலாக வந்து விழுகின்றன, மெட்டுக்கு மூச்சுவிட இடமில்லை. எதிரே உட்கார்ந்து "இந்தச் சரணம் வேண்டாம்" என்று சொல்ல ஒரு புரொடியூசர், அதாவது ஒலிப்பதிவை வழிநடத்துகிறவர், இருந்திருந்தால், நாம் இன்று கொண்டாடுகிற நல்ல பாடல்கள் இன்னும் அதிகமாக இருந்திருக்கும்.

இதை அவருடைய இசையை நேசிக்கிறவனாகத்தான் சொல்கிறேன்.

நடுநிசி வானொலி:
இருவரும் 1997-ஐத் தாண்டிப் போய்விட்டீர்கள். அந்த ஆண்டு 'மிஸ்' என்ற பெண்ணியப் பத்திரிகை, இருபத்தொன்றாம் நூற்றாண்டுக்கான பெண்ணியர்கள் வரிசையில் அவரைச் சேர்த்தது. ஆனால் எழுதியதெல்லாம் வருமானத்தைப் பற்றி. ஒரு ஆல்பத்துக்கு 4.25 டாலர் அவர் கைக்கு வருகிறது, பெரிய லேபிள் நட்சத்திரங்களுக்குக்கூட அவ்வளவு இல்லை என்கிற கணக்கு அப்போது பத்திரிகைக்குப் பத்திரிகை வந்துகொண்டிருந்தது. அவர் 'மிஸ்' பத்திரிகைக்கே ஒரு திறந்த மடல் எழுதினார். பணத்தையும் பெருநிறுவனங்களையும் இத்தனை வருடம் எதிர்த்து நின்றதற்குக் கடைசியில் தொழிலதிபர் என்ற பாராட்டுதானா என்று கேட்டார். தன் கல்லறையில் தலைமைச் செயல் அதிகாரி என்று எழுதிவிடாதீர்கள், பாட்டுக்காரி என்று எழுதுங்கள் என்றார்.

அந்த மடலில் என்னை அதிகம் தொட்டது பஃபலோவைப் பற்றிய பகுதி. தொழிற்சாலைகள் மூடி நலிந்துபோன ஊர் அது. அங்கேயே ஆட்களை வேலைக்கு வைத்து, அச்சு வேலையை அங்கேயே கொடுத்தார்கள். பிற்பாடு இடிக்கப்பட இருந்த பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தேவாலயம் ஒன்றை மீட்டுப் புதுப்பித்தார்கள். இன்று அது கச்சேரி அரங்கமாக இயங்குகிறது. லேபிளில் சேர்ந்திருந்தால் இதில் எது நடந்திருக்கும்?

கரகரப்பு:
4.25 டாலர்னு சொல்றப்போ கூடவே ஒண்ணு சொல்லணும். அது சிடி வித்த காலம். கச்சேரி முடிஞ்சதும் மேசை போட்டு வித்தா, அடுத்த ஊருக்குப் போற பெட்ரோல் செலவு கையில வந்துடும். இப்போ அந்த மேசையே இல்ல. ஸ்ட்ரீமிங்ல ஒரு தடவை கேட்டா பாடகருக்கு வர்றது ஒரு சென்ட்டுக்கும் கீழ. அதனால "ஆனி மாதிரி தனியா நில்லு"ன்னு இன்னைக்குப் பாட்டு எழுதுற பசங்க கிட்ட சொல்றது எனக்கு ரொம்ப உறுத்துது.

அப்புறம், அவங்க தனி ஆளும் இல்ல. ஸ்காட் ஃபிஷர்னு ஒருத்தர் கம்பெனியைப் பார்த்துக்கிட்டார். கடைகளுக்கு அனுப்ப விநியோகஸ்தர்கள் இருந்தாங்க. இவ்வளவு இருந்தும் மொத்தப் பாரமும் எது மேல இருந்துச்சு? 2005-ல கையில தசைநாண் வீக்கம் வந்து பல மாசம் டூரையே நிறுத்த வேண்டியதாச்சு. ஒரு கம்பெனி, அதுல வேலை பாக்குறவங்க சம்பளம், மத்த கலைஞர்களோட ஆல்பம் எல்லாமே ஒருத்தரோட மணிக்கட்டை நம்பி நின்னுருக்கு. அதைச் சுதந்திரம்னு மட்டும் சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல.

மழைக்காகிதம்:
கரகரப்பு, இன்றைய கணக்கு வேறு என்பதை நான் மறுக்கவே இல்லை. 90-களில் அது அவருக்குச் சரிப்பட்டது, அதனால் என்ன இசை கிடைத்தது என்பதுதான் என் பேச்சு.

ஆறாம் தந்தி, யூட்டா பிலிப்ஸை நீங்களே இழுத்துவிட்டீர்கள். நரைத்த தாடிக்காரர், தொழிற்சங்கக்காரர், ரயில் ஏறி ஊர் ஊராக அலைந்த கதைசொல்லி. அவர் மேடையில் பேசிய கதைகளின் பழைய ஒலிப்பதிவுகளை வாங்கி, அடியில் தாளமும் கிட்டாரும் வைத்து 1996-இல் ஆனி ஒரு ஆல்பமே செய்தார். எந்தக் கம்பெனிக் கூட்டத்தில் இதற்குத் தலையாட்டியிருப்பார்கள்? 1999-இல் வந்தது அதன் தொடர்ச்சி. நீங்கள் அளவு மீறியது என்று எண்ணுகிற மூன்றில் ஒன்று அது. அந்தக் கிழவரின் குரல் என் தலைமுறைக்கு வந்து சேர்ந்ததே அப்படித்தான்.

2010-இல் பாடகி அனாயிஸ் மிட்செலின் 'ஹேடஸ்டவுன்' ஆல்பத்தை வெளியிட்டதும் இதே சின்னக் கம்பெனிதான். ஆனியே அதில் கிரேக்கப் புராணத்துப் பெர்செபனியாகப் பாடினார். அது இசை நாடகமாக நியூயார்க்கின் பிராட்வே போய் 2019-இல் 8 டோனி நாடக விருது வாங்கியது. 2024-இல் அதே பாத்திரத்தில் ஆனி பிராட்வே மேடையேறினார். வேண்டாம் என்று சொல்ல ஆளில்லாத இடத்தில்தான் இப்படியெல்லாம் நடக்கும்.

ஆறாம் தந்தி:
அதே இடத்தில்தான் 2013-உம் நடந்தது. லூசியானாவில் நாட்டவே என்ற பழைய பண்ணை மாளிகையில் பாட்டு முகாம் நடத்துவதாக அறிவித்தார்கள். அடிமைகளின் உழைப்பில் எழுந்த மாளிகை அது. இனவெறிக்கு எதிராகக் காலமெல்லாம் பாடியவர் அங்கேயா என்று அவருடைய ரசிகர்களே, குறிப்பாகக் கறுப்பினப் பெண்கள், கொதித்துப் போனார்கள். முகாமை ரத்து செய்தார். ஆனால் ரத்து செய்து எழுதிய முதல் அறிக்கை தன் பக்கத்தை நியாயப்படுத்துவதாக இருந்ததால் கோபம் இன்னும் கூடியது. சில நாள் கழித்து நேரடியாக மன்னிப்புக் கேட்டார். அறிவிப்பு வெளியே போகும் முன் "இந்த இடம் வேண்டாம்" என்று சொல்ல பக்கத்தில் ஒருவர் இருந்திருந்தால் இத்தனை பேர் காயப்பட்டிருக்க மாட்டார்கள்.

இசைக்கே வருகிறேன். 2005-இல் ஜோ ஹென்றியோடு சேர்ந்து தயாரித்த 'நக்கிள் டவுன்' கேளுங்கள். பாடல்கள் நிமிர்ந்து நிற்கின்றன. 2024 ஆல்பத்தை பி.ஜே. பர்ட்டன் தயாரித்தார், குரலையே சிதைத்து, ஒலியைக் கசக்கி. அவருக்கும் வெளிக்காது ஒன்று தேவைப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

நடுநிசி வானொலி:
நாட்டவே விஷயத்தில் உங்கள் கோபம்தான் எனக்கும். ஆனால் அதை லேபிள் தடுத்திருக்கும் என்பதை ஏற்க முடியவில்லை. இதைவிட மோசமான முடிவுகளைப் பெரிய கம்பெனிகளே எடுத்திருக்கின்றன.

மழைக்காகிதம்:
ஜோ ஹென்றியையும் பர்ட்டனையும் யார் கூப்பிட்டது? அவரேதான். எப்போது வேண்டும், யார் வேண்டும், எதுவரை கேட்பது என்பதெல்லாம் அவர் முடிவு. பிடிக்கவில்லை என்றால் ஒலிப்பதிவு அவர் கையில், வெளியிடாமலே இருக்கலாம். லேபிள் அனுப்பி வைக்கிற புரொடியூசரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் கேட்பது பக்கத்தில் ஒரு நல்ல காது. நான் எதிர்ப்பது அந்தக் காதுக்காரர் முதலாளியாக உட்கார்வதை.

இடைச்செருகல்:
இவரை நான் இதுவரை கேட்டதே இல்லை. எதில் தொடங்கட்டும்?

ஆறாம் தந்தி:
'நக்கிள் டவுன்'. பிறகு 1996-இன் 'டைலேட்'. அந்த ஆல்பத்தில் எனக்கும் எந்தக் குறையும் இல்லை.

கரகரப்பு:
எதுல தொடங்கினாலும் காசு குடுத்து வாங்குங்க, அதுவும் அவங்க கம்பெனி தளத்துலயே.

மழைக்காகிதம்:
1997-இல் வந்த 'லிவிங் இன் கிளிப்'. மேடைப் பதிவு, இரண்டு டிஸ்க். டிரம்ஸில் ஆண்டி ஸ்டோச்சான்ஸ்கி, பேஸில் சாரா லீ, மூன்றே பேர்தான். பஃபலோ ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு சேர்ந்து வாசிப்பதும் அதில் உண்டு. லேபிள் இல்லாதவர் போட்ட இரட்டை மேடை ஆல்பம் அமெரிக்காவில் விற்பனைக்கான கோல்டு சான்றிதழ் வாங்கியது. கேட்டுவிட்டு, அதில் எந்தச் சரணத்தை வெட்டலாம் என்று ஆறாம் தந்திக்கு எழுதுங்கள்.