பழைய அலியானிக்கோவா, நெபியோலோவா: பிரித்தறிய உதவி தேவை

லேபிளை மறைத்து ஒயின் சுவைப்பவர்களிடம் ஒரு கேள்வி. அலியானிக்கோ, நெபியோலோ இரண்டும் இத்தாலியின் சிவப்பு ஒயின் திராட்சைகள். இளம் அலியானிக்கோவில் சிக்கலே இல்லை: அடர்ந்த சிவப்பு, கறுப்பு பிளம், மிளகு, புகை, ஈறை இறுக்கும் துவர்ப்பு, தூக்கலான புளிப்பு. நெபியோலோ இளமையிலேயே வெளிறியிருக்கும்; ரோஜா மணக்கும்.

தடுமாற்றம் 10 வருடம் தாண்டிய தௌராசியில்தான் (அலியானிக்கோவில் செய்யும் ஒயின்). விளிம்பு செங்கல் நிறமாகி, தோல், தார் வாசனை ஏறிவிட்டால் பரோலோ (நெபியோலோவில் செய்யும் ஒயின்) என்றே எழுதத் தோன்றுகிறது. புளிப்பும் துவர்ப்பும் இரண்டிலும் உச்சம், அவற்றை வைத்துப் பிரிக்க முடியாது. கிளாஸைச் சாய்த்து நடுப்பகுதியின் நிற அடர்த்தியைப் பார்ப்பது ஓரளவு கைகொடுக்கிறது. 14 டிகிரிக்குக் கீழே ஊற்றினால் துவர்ப்பு மேலோங்கிப் பழச்சுவை அமுங்கும். அதனால் 17 டிகிரியில்தான் ஊற்றுகிறோம்.

பழத்தின் கருமையை நம்பலாமா, ரோஜா மணம் இல்லாததையா? பசிலிக்காத்தா பகுதியின் அலியானிக்கோ ஒயினான வுல்தூரே பழசானாலும் இதே குழப்பம்தானா?