பழைய இரும்புக்குப் போகவிருந்த பெட்டி

குழு: பாம்பன் வீடு

சனிக்கிழமை

[காலை 9:12] பாம்பன் சித்தப்பா: பழைய இரும்புக்காரர் வாசலில் நிற்கிறார். ஜெராக்ஸ் கடையில் வைத்திருந்த கம்ப்யூட்டர் பெட்டிக்கு 250 ரூபாய் தருவாராம். போட்டுவிடலாமா?

[9:13] ஜெனி: சித்தப்பா, கொடுத்துவிடாதீங்க!

[9:13] ஜெனி: அந்த ஓடாத டேபிள் ஃபேனைப் போடுங்க. பெட்டி இருக்கட்டும்.

[9:15] பாம்பன் சித்தப்பா: விண்டோஸ் 10-க்கு இனி அப்டேட் வராது, 11 இதில் ஏறாது என்று கெவின்தான் சொன்னான். வைத்திருந்து என்ன செய்ய? கட்டிலுக்கு அடியில் இடம்தான் கேடு.

[9:18] ஜெனி: 2025 அக்டோபர் 14-ஓடு முடித்துவிட்டார்கள், அது உண்மைதான். ஆனால் நாம் விண்டோஸே போடப் போவதில்லை. அதற்குப் பதில் லினக்ஸ் போட்டு, ராத்திரி பகல் ஓடுகிற வீட்டு சர்வர் ஆக்கிவிடலாம். எல்லார் போட்டோவும் வீடியோவும் அதில் கிடக்கும், போனிலும் டிவியிலும் எடுத்துப் பார்க்கலாம். பிராசசர் இரண்டாம் தலைமுறை ஐ3, மெமரி (ராம்) 4 ஜிபி. இந்த வேலைக்குத் தாராளம்.

[9:20] மேரி அத்தை: இடமில்லை இடமில்லை என்று என் போன் தினமும் கத்துகிறது. அது நிற்குமா?

[9:22] ஜெனி: அதற்கும் சேர்த்துத்தான் அத்தை. 2021 ஜூன் 1-இலிருந்து போட்டோவும் கூகிளின் அந்த 15 ஜிபி கணக்கில்தான் விழுகிறது. ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதே கணக்குதான். இந்தக் குழுவுக்கு வருகிற காலை வணக்கப் படங்களே பாதி இடத்தைத் தின்றிருக்கும்.

[9:23] மேரி அத்தை: அதைப் போடுகிறவர் உன் மாமாதான். அவரிடமே கேள்.

[9:31] பிரிட்டோ மாமா: பேச்சை என் பக்கம் திருப்ப வேண்டாம். ராத்திரி பகல் ஓடுகிற பெட்டி என்கிறாயே, கரண்ட் கணக்குப் பார்த்தாயா? சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்கும் என்று வை. நாளைக்கு 1.44 யூனிட். இரண்டு மாத பில்லில் 86 யூனிட். இலவசமாகக் கிடைக்கிற யூனிட்டில் பெரிய பங்கை இதுவே முழுங்கிவிடும். லைன்மேனாக வேலை பார்த்தவன் சொல்கிறேன்.

[9:33] பாம்பன் சித்தப்பா: மச்சான் சொல்வது நியாயம். இரும்புக்காரர் இன்னும் நிற்கிறார்.

[9:34] ஜெனி: அவரை அனுப்பிவிடுங்க சித்தப்பா! கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றினால் கொஞ்சம் குறையும். ராத்திரி 11-க்குத் தானாக அணைகிற மாதிரி லினக்ஸிலும், காலை 6-க்குத் தானாக எழுகிற மாதிரி பயாஸிலும் (போர்டின் உள் செட்டிங்) வைத்தால் 61 யூனிட்டுக்கு வந்துவிடும்.

[9:40] அருள் அண்ணன்: குவைத்திலிருந்து ஒரு யோசனை. காலேஜில் எனக்குக் கொடுத்த இலவச லேப்டாப் ராம்நாட்டில் அப்பா பீரோ மேல் கிடக்கிறது. லேப்டாப் என்றால் 15 வாட்தானே இழுக்கும்?

[9:42] பிரிட்டோ மாமா: 15 என்றால் இரண்டு மாதத்துக்கு 22 யூனிட்கூட வராது. மருமகன் பிழைக்கத் தெரிந்தவன்.

[9:45] ஜெனி: அண்ணே, அதில் ஒரு டிஸ்க்தான் உள்ளே போகும். பெரிய டிஸ்க்கை யூஎஸ்பியில் தொங்கவிட வேண்டும், ஒயர் அசைந்தால் விட்டுப்போகும். பெரிய பெட்டி பாம்பனில் இருக்கட்டும். உங்கள் லேப்டாப்புக்கு வேறு வேலை வைத்திருக்கிறேன். பெரியப்பா, அது ஆன் ஆகிறதா?

[10:20] ராம்நாடு பெரியப்பா: எடுத்துப் பார்த்தேன்மா. அடிப்பக்கம் புடைத்திருக்கிறது. மேசையில் வைத்தால் ஆடுகிறது.

[10:21] ஜெனி: ஆன் செய்ய வேண்டாம் பெரியப்பா! சார்ஜரும் போட வேண்டாம். பேட்டரி வீங்கியிருக்கிறது. அமுக்கவோ நெம்பவோ செய்யாமல் சர்வீஸ் கடையில் கொடுத்துக் கழற்றச் சொல்லுங்க. பேட்டரி இல்லாமலே சார்ஜரில் ஓடும், நமக்கு அது போதும்.

[10:24] ராம்நாடு பெரியப்பா: இத்தனை நாள் அதன் பக்கத்தில்தான் சாமி காலண்டர் தொங்கியது. ஆண்டவர் காப்பாற்றினார்.

ஞாயிற்றுக்கிழமை

[மதியம் 12:05] கெவின்: அக்கா, பெட்டியைத் திறந்து பெயின்ட் பிரஷால் தூசி தட்டினேன். ஆன் செய்தால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. பீப் பீப் என்று கத்திக்கொண்டே இருக்கிறது.

[12:08] ஜெனி: ராம்தான். உப்புக்காற்றில் பல் கறுத்திருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு ராமைக் கழற்று. மஞ்சளாகப் பல்வரிசை தெரியும். பென்சில் ரப்பரால் இரண்டு பக்கமும் மெதுவாகத் தேய். தூளை ஊதாதே, எச்சில் படும். பிரஷால் தட்டிவிட்டுத் திரும்ப மாட்டு. இரண்டு பக்கக் கிளிப்பும் டக்கென்று விழ வேண்டும்.

[12:31] கெவின்: வந்துவிட்டது! ரப்பர் கறுப்பாகிவிட்டது. ஆனால் தேதி 2010 ஜனவரி 1 என்று காட்டுகிறது.

[12:33] பாம்பன் சித்தப்பா: அப்படியே இருக்கட்டும்டா. அப்போது எனக்கு முடி கொட்டவில்லை.

[12:34] ஜெனி: போர்டில் இருக்கிற காசு மாதிரி பேட்டரி செத்துவிட்டது. சிஆர் 2032 என்று கேள், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். தேதி தப்பாக இருந்தால் நெட்டிலிருந்து எதையும் இறக்க விடாது. அப்புறம், பழைய ஹார்ட் டிஸ்க்கின் நிலைமையைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற சாஃப்ட்வேரில் பார்த்துச் சொல்.

[12:50] கெவின்: மஞ்சளாக எச்சரிக்கை காட்டுகிறது. ரீஅலோகேட்டட் செக்டர் என்ற வரியில் நிறைய சைபர் போட்டுக் கடைசியில் பி8. ஓடிய நேரம் 31,000 மணி.

[12:53] ஜெனி: பி8 என்பது ஹெக்ஸ், அதாவது 16-ஐ அடிப்படையாக வைத்த எண். நம் கணக்கில் 184. அத்தனை இடம் கெட்டு, டிஸ்க் தன் கையிருப்பிலிருந்து மாற்றிக்கொண்டிருக்கிறது. 31,000 மணி என்றால் நிறுத்தாமல் மூன்றரை வருஷம் சுற்றியதற்குச் சமம். அதிலிருப்பதை இன்றைக்கே வேறு இடத்துக்கு எடுத்துவிடு. பழைய பெட்டி, பழைய ராம், பழைய பிராசசர் எல்லாம் சரி. டிஸ்க் மட்டும் புதிது.

[1:02] அருள் அண்ணன்: 4 டிபி டிஸ்க் என் செலவு. ஆனால் இவ்வளவு பழைய போர்டு 2 டிபிக்கு மேல் எடுக்குமா?

[1:05] ஜெனி: அதிலிருந்து பூட் செய்யத்தான் தகராறு வரும் அண்ணே. ஓஎஸ்ஸுக்குத் தனியாக ஒரு 120 ஜிபி எஸ்எஸ்டி என்னிடம் சும்மா கிடக்கிறது, கோயம்புத்தூரிலிருந்து கூரியரில் போடுகிறேன். 4 டிபியைப் பெரிய டிஸ்க்குக்கான ஜிபிடி முறையில் பிரித்து டேட்டாவுக்கு மட்டும் வைத்தால் லினக்ஸ் முழுசாக எடுத்துக்கொள்ளும். வீட்டு சர்வருக்கான லினக்ஸான ஓப்பன்மீடியாவால்ட் போடப் போகிறோம், அதற்கும் ஓஎஸ் தனி டிஸ்க்கில் இருப்பதுதான் தோது. இதே வேலைக்கான ட்ரூநாஸ் 8 ஜிபி ராம் கேட்கும், இங்கே ஆகாது.

[1:07] அருள் அண்ணன்: இரண்டு டிஸ்க் வாங்கி, ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் எழுதுகிற ரெய்டு போட்டுவிட்டால் பேக்கப் ஆகிவிடாதா?

[1:10] ஜெனி: ஆகாது. கெவின் தெரியாமல் ஒரு ஃபோல்டரை அழித்தால் ரெய்டு அதே நொடியில் இரண்டிலும் அழிக்கும். இடி விழுந்தாலும் தண்ணீர் புகுந்தாலும் இரண்டும் ஒரே பெட்டியில்தானே இருக்கிறது. இரண்டாவது டிஸ்க் வாங்குங்க, ஆனால் அது ராம்நாட்டில் பெரியப்பா வீட்டில் இருக்க வேண்டும். உங்கள் லேப்டாப்புக்கு அதுதான் வேலை. வாரம் ஒரு தடவை ஆன் செய்து ஓடினால் போதும், அந்த நேரத்தில் ஒயரை யாரும் தொடாமல் இருந்தால் சரி.

[1:15] மேரி அத்தை: தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. 2024 நவம்பர் மழையில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 400 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அன்றைக்குத்தானே அம்மா வீட்டு ஆல்பம் எல்லாம் ஊறியது. பக்கத்தைப் பிரித்தால் முகம் பிளாஸ்டிக் தாளோடு வந்துவிட்டது. அப்பத்தா படத்தில் மூக்குத்தி மட்டும்தான் மிச்சம்.

[1:17] பாம்பன் சித்தப்பா: அப்படியென்றால் பெட்டி கட்டிலுக்கு அடியில் வேண்டாம். டிவிக்கு மேலே பலகை அடித்துவிடுகிறேன்.

அடுத்த சனிக்கிழமை

[மாலை 5:10] கெவின்: எஸ்எஸ்டி, டிஸ்க் இரண்டும் மாட்டி ஓப்பன்மீடியாவால்ட் ஏற்றியாகிவிட்டது. பாஸ்வேர்டும் மாற்றிவிட்டேன். டேட்டா டிஸ்க்கை லினக்ஸின் இஎக்ஸ்டி4 முறையில் ஃபார்மேட் செய்தேன். ஆனால் காப்பி ஆமை வேகம் அக்கா, நொடிக்கு 11 எம்பியைத் தாண்ட மாட்டேன் என்கிறது.

[5:12] ஜெனி: சரியாக 11-இல் நிற்கிறது என்றால் லைன் 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடுகிறது. பெட்டியிலும் ரவுட்டரிலும் கிகாபிட் இருக்கிறதே. கேபிளில் எட்டுக் கம்பியில் நாலு மட்டும் பிடித்திருக்கும்.

[6:02] பிரிட்டோ மாமா: நான் போய்ப் பார்த்தேன். ஜாக்கை வெட்டிப் பிரித்தால் உள்ளே செம்பெல்லாம் பச்சைக் களிம்பு. புது ஜாக் வைத்துக் கிரிம்ப் செய்தேன். இப்போது 110 காட்டுகிறது. கூலி ஒரு கப் டீ, அதுவும் சர்க்கரை இல்லாமல்.

[6:30] மேரி அத்தை: டிவியில் சர்வரில் இருப்பதைக் காட்டுகிற ஜெல்லிஃபின் ஆப் வந்துவிட்டது, கல்யாண டிவிடி போட்டோவெல்லாம் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் எங்கள் கல்யாண வீடியோ மேல் யாரோ ஒரு வெள்ளைக்காரி துப்பாக்கியோடு நிற்கிறாளே?

[6:32] ஜெனி: 😂 கெவின், அதை மூவீஸ் என்ற லைப்ரரியில் போட்டிருக்கிறாய். பெயரை வைத்து அது நெட்டில் போஸ்டர் தேடி ஒட்டிவிட்டது. ஹோம் வீடியோஸ் என்று தனி லைப்ரரி போடு, தேடாது. டிவிடியில் இருப்பதை மேக்எம்கேவி வைத்து எடு. திரும்ப என்கோட் செய்யாமல் உள்ளபடியே ஒரே ஃபைலாக வரும்.

[6:34] பிரிட்டோ மாமா: போஸ்டர் பொருத்தமாகத்தான் இருந்தது. மாற்ற வேண்டாம்.

[6:35] மேரி அத்தை: வீட்டுக்கு வாருங்கள், பேசிக்கொள்ளலாம்.

[6:41] கெவின்: கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு என் போனில் எடுத்தது டிவியில் நன்றாக ஓடுகிறது. பிரவுசரில் பார்த்தால் திக்கித் திக்கி வருகிறது, பிராசசர் 100-இல் நிற்கிறது.

[6:44] ஜெனி: போன் எச்265 என்ற வீடியோ முறையில் எடுத்திருக்கும். டிவிக்கு அது தெரியும், அப்படியே வாங்கி ஓட்டிவிடும். பிரவுசருக்குத் தெரியாவிட்டால் சர்வர் உட்கார்ந்து மாற்றித் தர வேண்டும். இந்த ஐ3-க்கு எச்264 மட்டும்தான் சுலபம். விஎல்சியில் திற, இல்லை என்றால் இனிமேல் கேமரா செட்டிங்கில் எச்264 வைத்து எடு.

[7:20] அருள் அண்ணன்: நான் இங்கிருந்து பார்க்க வேண்டாமா? வெளியிலிருந்து உள்ளே வர ரவுட்டரில் ஒரு வழி (போர்ட்) திறந்துவிடுங்கள்.

[7:24] ஜெனி: அது மட்டும் வேண்டாம் அண்ணே. 2017 மே மாதம் ஃபைலைப் பூட்டிப் பணம் கேட்கிற வானாக்ரை உலகம் முழுக்கப் பரவியது இந்த ஃபைல் பகிர்கிற 445 போர்ட் வழியாகத்தான். நாம் திறந்தாலும் வேலைக்கு ஆகாது, நம் ஃபைபர்காரர் ஒரே ஐபியைப் பல வீட்டுக்குப் பங்கு போட்டுத் தருகிறார். டெயில்ஸ்கேல் என்ற ஆப் போடுவோம். உங்கள் போனும் பாம்பன் பெட்டியும் ராம்நாடு லேப்டாப்பும் ஒரே வீட்டு நெட்டில் இருக்கிற மாதிரி ஆகிவிடும்.

[7:30] பாம்பன் சித்தப்பா: கரண்ட் போய் வந்தால் பெட்டி அணைந்து எழுகிறது. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே?

[7:33] பிரிட்டோ மாமா: மாப்ள, இன்வெர்ட்டர் பின்னால் ஒரு சுவிட்ச் இருக்கும். யூபிஎஸ் பக்கம் தள்ளு. நார்மலில் இருந்தால் மாறுகிற அந்தக் கண நேரம் ஃபேனுக்குத் தெரியாது, கம்ப்யூட்டருக்குத் தெரியும்.

[7:35] ஜெனி: அதைச் செய்யுங்க சித்தப்பா. ஆனால் இன்வெர்ட்டர் சார்ஜ் தீர்வதைப் பெட்டியிடம் சொல்லாது. யூஎஸ்பி ஒயர் உள்ள சின்ன யூபிஎஸ் ஒன்று நடுவில் இருந்தால், சார்ஜ் தீரும் முன்னால் அது தகவல் கொடுத்துப் பெட்டி ஒழுங்காக அணையும். அடுத்த மாதம் வாங்குவோம்.

மறு வாரம், ஞாயிறு

[காலை 11:00] ராம்நாடு பெரியப்பா: லேப்டாப் பேட்டரி இல்லாமல் ஓடுகிறது. கெவின் பஸ்ஸில் வந்து டிஸ்க் கொடுத்துவிட்டுப் போனான். நெட்டிலேயே அனுப்பியிருக்கலாமே?

[11:04] ஜெனி: முதல் தடவை 500 ஜிபி பெரியப்பா. நம் அப்லோட் 20 எம்பிபிஎஸ். இரண்டு நாளுக்கு மேல் ஆகும். அதனால்தான் பாம்பனிலேயே ஏற்றி, கையில் கொடுத்துவிட்டோம். இனி புதிதாகச் சேர்ந்தது மட்டும் ஞாயிறுதோறும் ஆர்சிங்க் என்ற காப்பி சாஃப்ட்வேர் வழியாக வரும். நீங்கள் பூசை முடிந்து வந்து ஆன் செய்தால் போதும். பாம்பனில் அழித்தது இங்கே உடனே அழியாத மாதிரி வைத்திருக்கிறேன்.

[11:06] ஜெனி: கெவின், இப்போது ஒரு வேலை செய். பாம்பன் பெட்டியில் ஏதாவது ஒரு வீடியோவை அழி. ராம்நாட்டிலிருந்து திரும்ப எடு. திரும்ப வந்தால்தான் அது பேக்கப்.

[11:29] கெவின்: அழித்தேன். எடுத்தேன். வந்துவிட்டது அக்கா, ஓடுகிறது.

[11:30] மேரி அத்தை: என் கல்யாண வீடியோவையா அழித்தாய்?

[11:31] கெவின்: இல்லை அத்தை. அக்கா கல்யாணத்தில் அப்பா மைக் பிடித்துப் பாடினாரே, அது.

[11:32] பிரிட்டோ மாமா: அதைத் திரும்ப எடுக்காமலே விட்டிருக்கலாம்.