புதுக் கம்ப்யூட்டர் பெட்டி வாங்கி ஒரு மாதம், கை போகிற இடத்தில் எதுவும் இல்லை

டைப்பிங் அக்கா, கோபி

எல்லோருக்கும் வணக்கமுங்க. கோபிசெட்டிபாளையத்தில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்து 24 வருடம் ஆகிறது. அதற்கு முன்னால் தமிழ்த் தட்டச்சில் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவள். மனு, வாடகை ஒப்பந்தம், சீர் பட்டியல், கண்ணீர் அஞ்சலி, கல்யாணப் பத்திரிகைக்கு மேட்டர் என்று எதைக் கொடுத்தாலும் அடிப்பேன். அதனால் யாரும் மவுஸ் பிடிப்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டாம்.

என்னிடம் இருந்தது விண்டோஸ் 10 போட்ட பழைய பெட்டி. 2025 அக்டோபர் 14-உடன் அதற்கு வழக்கமான அப்டேட் நின்றுபோனது. பெட்டியில் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் இல்லை, விண்டோஸ் 11 ஏறாது என்று சர்வீஸ் தம்பி சொல்லிவிட்டார். நன்றாக ஓடிக்கொண்டிருந்ததை மூலையில் வைத்துத் துணி போட்டு மூடிவிட்டு, பொங்கல் கழிந்து புதுசு வாங்கினேன். வேகத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சுவிட்சைப் போட்டுவிட்டு விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதற்குள் தயாராகிவிடுகிறது.

மெஷின் வேகமாகிவிட்டது, நான்தான் மெதுவாகிவிட்டேன்.

ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்தால் முன்பெல்லாம் கட், காப்பி, டெலீட், ரீநேம் என்று வரிசையாக எழுத்தில் இருக்கும். நான் படித்ததுகூட இல்லை. மவுஸை இவ்வளவு கீழே இழுத்தால் ரீநேம் என்று மணிக்கட்டுக்கே தெரியும். இப்போது மேலே சின்னச் சின்னப் படங்கள். கத்தரிக்கோல் புரிகிறது. இரண்டு தாள் புரிகிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள் ஏதோ எழுத்து, அதையடுத்து அம்பு, அப்புறம் குப்பைத்தொட்டி. கண்ணாடி போட்டும் பிடிபடாமல், போன வாரம் ரீநேம் என்று நினைத்து ஒரு கிரைய ஒப்பந்தத்தைக் குப்பைத்தொட்டியில் போட்டேன். ரீசைக்கிள் பின்னிலிருந்து எடுத்துவிட்டேன், அது வேறு. ஆனால் அந்த அரை நிமிடம் வயிறு கலங்கியது. பழைய பட்டியல் வேண்டுமென்றால் ‘ஷோ மோர் ஆப்ஷன்ஸ்’ என்று இன்னொரு தடவை அழுத்த வேண்டும். ஒரு நாளைக்கு 200 ஃபைல் திறக்கிறவளுக்கு அது 200 தடவை.

அதையாவது பொறுத்துக்கொண்டேன். இன்று காலை நடந்ததுதான் என்னை இங்கே எழுத வைத்தது.

திங்கட்கிழமை என்றால் ஈரோடு கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள். காலையிலேயே மனு அடிக்க ஆட்கள் வந்துவிடுவார்கள். ஏழரை மணிக்கு ஒரு பெரியவர், தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் நிலம் வைத்திருப்பவர், தோட்டத்துக்குப் போகிற தடத்தில் பக்கத்துக்காரர் வேலி போட்டுவிட்டார் என்று வந்து உட்கார்ந்தார். எட்டேகாலுக்கு அவருக்கு பஸ். சுவிட்சைப் போட்டால் நீலத் திரை, ‘அப்டேட் நடக்கிறது, 30 சதவீதம், அணைக்க வேண்டாம்’. நானும் அவரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 30 அசையவில்லை. காப்பி வாங்கி வந்தேன், 61. ஒருவழியாகத் திறந்தபோது மணி 7.55.

மளமளவென்று அடித்தேன். பிரிண்ட் கொடுத்தேன். லேசர் பிரிண்டரில் சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால் போட்டோ பிரிண்டரிலிருந்து, பளபளக்கும் போட்டோ பேப்பரில், ‘மாண்புமிகு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு’ இறங்கிக்கொண்டிருக்கிறது. சனிக்கிழமை பாஸ்போர்ட் படம் எடுத்ததோடு அதுவே முதல் பிரிண்டராகிவிட்டது போலிருக்கிறது. பெரியவர் அதை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டு, “ஏனுங் அம்மிணி, கலெக்டருக்கு போட்டோவாவா குடுக்கறது?” என்றார். மறுபடி லேசரில் எடுத்துக் கொடுப்பதற்குள் பஸ் போய்விட்டது.

இது போதாதென்று, அடித்துக்கொண்டிருக்கும்போதே கீபோர்டு தானாகத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் தாவுகிறது. ஸ்டார்ட் பட்டன் நடுவில் நிற்கிறது, ஒரு புரோகிராம் திறந்தால் கொஞ்சம் நகர்ந்து கொடுக்கிறது. ‘மனு’ என்று தேடினால் என் ஃபைலை விட்டுவிட்டு இன்டர்நெட்டில் தேடித் தருகிறது.

இதையெல்லாம் பழையபடி வைக்க வழி இருக்கிறதா, இல்லை நான்தான் பழக வேண்டுமா? பழகச் சொல்கிறவர்கள், அடுத்த தடவை இதையும் மாற்ற மாட்டார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

சலான் தம்பி, திருப்பூர்

அக்கா, முதலில் பிரிண்டரைப் பாருங்க. அங்கேதான் காசு போகிறது.

செட்டிங்ஸில் ‘புளூடூத் அண்ட் டிவைசஸ்’, அதற்குள் ‘பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்’. கீழே இறங்கிப் போனால் ‘லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்’ என்று ஒன்று ஆனில் இருக்கும். கடைசியாக எந்தப் பிரிண்டரில் எடுத்தீர்களோ அதையே முதல் பிரிண்டராக வைப்பதுதான் அதன் வேலை. அதை ஆஃப் செய்துவிட்டு, லேசரைத் திறந்து ‘செட் அஸ் டிஃபால்ட்’ கொடுங்க. இது 11-இல் புதிதாக வந்ததல்ல, 2015-லிருந்து 10-லேயே உண்டு. பழைய பெட்டியில் யாரோ புண்ணியவான் அணைத்து வைத்திருப்பார், உங்களுக்குத் தெரிந்திருக்காது.

நான் பனியன் ஜாப் ஒர்க் யூனிட்டில் கணக்குப் பார்க்கிறேன். எங்கள் டெலிவரி சலான் டாட் மேட்ரிக்ஸில் மூன்று பிரதி விழ வேண்டும். நடுவில் ஓனர் லேசரில் ஒரு லெட்டர் எடுப்பார். அடுத்த சலான் நேராக லேசருக்குப் போகும். துணி ஏற்றிய வண்டி வாசலில் நிற்கும், டிரைவர் ஹாரன் அடிப்பார். இந்த ஒரு சுவிட்சைக் கண்டுபிடிக்க எனக்கு நான்கு மாதம் ஆனது. அதனால் உங்கள் கோபம் நியாயம்தான்.

ரைட் கிளிக்குக்கு: ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்தால் பழைய பட்டியல் நேராக வரும். அந்தப் படங்களுக்குக் கீழே விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து பெயரும் போட்டுவிட்டார்கள். உங்களுடையது அதற்கு முந்தியதாக இருக்கும்.

ஸ்டார்ட் பட்டனை இடது ஓரத்துக்குக் கொண்டுபோகலாம். பெர்சனலைசேஷன், டாஸ்க்பார், ‘டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்’, அதில் அலைன்மென்ட் லெஃப்ட்.

அப்டேட் விஷயத்தில் ஒன்று கேட்கட்டுங்களா, கோபிக்கக் கூடாது. சனிக்கிழமை ராத்திரி கடை சாத்தும்போது பவர் பட்டனில் ஆரஞ்சுப் புள்ளி இருந்ததா? ‘அப்டேட் அண்ட் ஷட் டவுன்’ அழுத்திவிட்டு, முடிவதற்குள் மெயினை அணைத்துவிட்டீர்களா?

டைப்பிங் அக்கா, கோபி

புள்ளியைப் பார்க்கவில்லை தம்பி. மெயினை அணைத்தது உண்மை. ஞாயிற்றுக்கிழமை விருந்து இருந்தது, சீக்கிரம் சாத்தினேன். சரி, அந்தப் பாவம் என் கணக்கில்.

நாலாவது மாடி, கோவை

மூடி வைத்த பழைய பெட்டியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போடுங்க. டிபிஎம் கேட்காது. அப்டேட்டை நீங்கள் சொன்னால்தான் ஏற்றும். ஸ்டார்ட் மெனு இடது மூலையில், நீங்கள் பழகிய மாதிரியே இருக்கும். என் அப்பாவுக்குப் போட்டுக் கொடுத்து மூன்று வருடம், ஒரு புகார் இல்லை. அது வேண்டாமென்றால் விண்டோஸ் 10-லேயே நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்து 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வாங்கியிருக்கலாம். யாரும் உங்களிடம் சொல்லவில்லை போல. பெட்டி விற்கிறவர் ஏன் சொல்லப்போகிறார்.

டைப்பிங் அக்கா, கோபி

உங்கள் அப்பா பேப்பர் படிப்பார், படம் பார்ப்பார். என்னிடம் ஆட்கள் பென்டிரைவில் கொண்டுவருவது பத்து வருடத்துக்கு முந்திய வேர்டு ஃபைல், அதில் அந்தக் காலத்து எழுத்துரு. லினக்ஸில் திறந்தால் வரி ஒன்று நகர்ந்தாலும் முத்திரைத்தாளில் எழுத்து முத்திரை மேல் ஏறிவிடும். அந்தத் தாளுக்குக் காசு யார் கொடுப்பது? வீட்டுக்குப் போட்டுப் பார்க்கிறேன். கடைக்கு வேண்டாம்.

பழைய வாத்தியார், தாராபுரம்

அம்மிணி, நான் தட்டச்சுப் பயிலகம் நடத்தி ஓய்ந்தவன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் ஒன்று சொல்லத் தோன்றியது.

யளனகப என்று முதல் பாடம் அடித்துத்தானே ஆரம்பித்தீர்கள்? எந்த மெஷினில் உட்கார்ந்தாலும் ய இடது சுண்டுவிரலில்தான் இருந்தது. துணி போட்டுக் கீபோர்டை மூடிவிட்டு அடிக்கச் சொல்வேன். கண் பார்க்கப் பார்க்க விரல் கற்காது. நீங்களும் அப்படித்தான் ஹையர் தேறியிருப்பீர்கள். பிறகு கம்ப்யூட்டருக்கு வந்ததும் என்ன செய்தீர்கள்? ரீநேமுக்கு மவுஸைக் கீழே இழுத்துப் பழகினீர்கள். திரையில் இருப்பதை அவர்கள் நகர்த்துவார்கள், அம்மிணி. படம் போடுவார்கள், நடுவில் வைப்பார்கள், ஓரத்தில் வைப்பார்கள். ஆனால் எஃப்2 அழுத்தினால் ரீநேம் என்பது விண்டோஸ் 95-லிருந்து அப்படியே இருக்கிறது. கன்ட்ரோல் சி, கன்ட்ரோல் வி, ஆல்ட் எஃப்4, ஒன்றையும் தொடவில்லை. ஷிஃப்ட் போட்டு ரைட் கிளிக் எதற்கு? தட்டச்சுக்காரி மவுஸை எதற்கு இவ்வளவு நம்ப வேண்டும்?

மாற்றமே கூடாது என்று சொல்ல வரவில்லை. 1999-இல் சென்னையில் மாநாடு கூட்டித் தமிழ்99 விசைப்பலகையை அறிவித்தபோது நாங்கள் குதித்தோம், பிள்ளைகள் கற்றதெல்லாம் வீணா என்று. ஆனால் அதில் உயிரெழுத்து இடது கையில், மெய் வலது கையில், க-வை அடுத்து இன்னொரு க வந்தால் முதல் க-வுக்குப் புள்ளி தானே விழும் என்று ஏன் மாற்றினோம் என்பதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள். நான் மாறவில்லை, என் மகள் மாறினாள், என்னைவிட வேகமாக அடிக்கிறாள். ஒத்துக்கொள்கிறேன். ரீநேமைப் படமாக மாற்றியதற்கு அப்படி ஒரு கணக்கும் எனக்குத் தெரியவில்லை. எழுத்துக்காரியிடமிருந்து எழுத்தைப் பிடுங்கிக்கொண்டு படத்தைக் கொடுத்தால் கோபம் வரத்தான் செய்யும்.

கீபோர்டு தானாகத் தாவவில்லை. இடப்பக்க ஆல்ட்டையும் ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். ஷிஃப்ட்டுக்குப் போகிற சுண்டுவிரல் அவசரத்தில் ஆல்ட்டிலும் படுகிறது. ‘டைம் அண்ட் லாங்குவேஜ்’, டைப்பிங், ‘அட்வான்ஸ்ட் கீபோர்டு செட்டிங்ஸ்’, அதில் ‘இன்புட் லாங்குவேஜ் ஹாட் கீஸ்’ போய் அந்த இணைப்பை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் கீயும் ஸ்பேஸ் பாரும் சேர்த்து அழுத்தினால் மாறும், அது ஒன்று போதும்.

ஒரு சந்தேகம், இன்னமும் பழைய எழுத்துருவிலா அடிக்கிறீர்கள்? 2010-இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்தபோதே அரசு, எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடுக்கு வந்துவிட்டது.

டைப்பிங் அக்கா, கோபி

ஐயா, அரசு வந்துவிட்டது. என்னிடம் வருகிற பென்டிரைவ் வரவில்லை. பழைய ஃபைலிலிருந்து காப்பி செய்து அரசாங்க வெப்சைட்டில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டுகிறது. மறுபடி முழுக்க அடிக்கிறேன். அதற்கும் சேர்த்து யாரிடமும் காசு கேட்க முடிவதில்லை.

நான் கேட்டு ஒரு வாரம் ஆகிவிட்டது, இப்போது எழுதுகிறேன். பிரிண்டர் சுவிட்சை அணைத்தாயிற்று, போட்டோ பேப்பர் தப்பித்தது. திருப்பூர்த் தம்பிக்கு நன்றி. ஆல்ட் ஷிஃப்ட் இணைப்பை எடுத்தாயிற்று. ஸ்டார்ட்டை இடப்பக்கம் தள்ளியாயிற்று. தேடினால் இன்டர்நெட் வருவது மட்டும் போகவில்லை, அதனால் தேடுவதை விட்டுவிட்டு ஃபோல்டருக்கு வருடத்தைப் பெயராக வைத்துவிட்டேன்.

எஃப்2 முதல் இரண்டு நாள் எரிச்சல். கை மவுஸுக்கே போனது. ஐயா சொன்ன மாதிரி மவுஸை மானிட்டருக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மூன்றாம் நாள் விரல் தானாக மேலே ஏறியது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், சிரிக்கக் கூடாது. கோபம் ஆறி ரைட் கிளிக் செய்து பார்த்தால் அந்தப் படங்களுக்குக் கீழே பெயர் போட்டிருக்கிறது. அன்று 30 சதவீதத்தில் நின்றது அந்த அப்டேட்தான் போலிருக்கிறது.

பெரியவர் இன்று மறுபடி வந்தார். சர்வே எண் எழுதவில்லை என்று மனுவைத் திருப்பியிருக்கிறார்கள். ஃபைலைத் திறந்து, எண்ணைச் சேர்த்து, லேசரில் எடுத்தேன். எட்டு மணிக்கே முடிந்தது. காசைக் கொடுத்துவிட்டு, நகராமல் நின்றார். என்னங்க என்றேன். “அந்த பளபளன்னு ஒண்ணு வந்துதே அம்மிணி, அதுலயும் ஒண்ணு எடுத்துக் குடு. வீட்டுல வெச்சுக்கறன், மழைக்கு நனையாது” என்றார்.