புரட்டாசியில் இங்கிலாந்தின் யார்க் நகரப் பப்: "மண்ணச்சநல்லூர் குடும்பம்" வாட்ஸ்அப் குழு

*வெள்ளிக்கிழமை*

ரமேஷ்: வித்யா, அடுத்த வாரம் நாங்க உங்க யார்க்குக்கு வர்றோம். மின்ஸ்டர் சர்ச், ஷாம்பிள்ஸ் தெரு, ஊரைச் சுத்தி இருக்கற கோட்டைச் சுவர்னு பிரவீன் பிளான் போட்டு வெச்சிருக்கான். எனக்கு வேண்டியது ஒண்ணுதான். நல்ல பழைய பப் எது எதுன்னு சொல்லு.

சரோஜா: டேய் ரமேஷு, இது குடும்ப குரூப்பு

சரோஜா: அதுவும் புரட்டாசி மாசம்

ரமேஷ்: கவிச்சிதானேக்கா கூடாது? பீர் பார்லித் தண்ணி. சுத்த சைவம்.

செல்வி: திருப்பதியில மொட்டை போட்டப்போ பேச்சு வேற மாதிரி இருந்துச்சு 🙂

வித்யா: மாமா, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. பீரும் சைவம் இல்ல.

ரமேஷ்: என்னம்மா சொல்ற

வித்யா: பழைய பப்ல கைப்பம்பு வெச்சு இழுத்து ஊத்தித் தருவாங்களே, அது காஸ்க் ஏல். பீப்பாய்க்குள்ள ஈஸ்ட் உயிரோட இருக்கும், பப்போட நிலவறையில இருக்கறப்பவும் புளிச்சுக்கிட்டே இருக்கும். அந்த ஈஸ்ட் அடியில படிஞ்சு பீர் தெளியறதுக்கு ஐசிங்கிளாஸ்னு ஒண்ணு சேப்பாங்க. மீனோட காத்துப்பையில இருந்து எடுக்கறது.

ரமேஷ்: மீனா??

பிரவீன்: 😂😂😂 அப்பா முடிஞ்சுது

சரோஜா: பெருமாள் எங்க போனாலும் விடமாட்டார்டா

ரமேஷ்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சரோஜா: நான் படிச்சிட்டேன்

வித்யா: அது பெரும்பாலும் கசடோட பீப்பாய் அடியிலயே நின்னுடும் மாமா. இருந்தாலும் சைவம்னு சொல்ல முடியாதே. இப்ப பீர் காய்ச்சற நிறைய ப்ரூவரியில அது சேக்காமலே பண்றாங்க, கொஞ்சம் கலங்கலா இருக்கும், ருசிக்குக் குறை இல்ல. விலங்குல இருந்து வர்றது எதுவும் சேராத வீகன் பீர் எதுன்னு பார்ல கேட்டா சொல்லுவாங்க. தப்பா நினைக்க மாட்டாங்க.

ரமேஷ்: சரி, வீகன்னே வெச்சுக்குவோம். இருக்கறதுலயே ரொம்பப் பழைய பப் எது?

வித்யா: ஐயோ, இந்த ஊர்ல அந்தக் கேள்விக்கு ஒவ்வொரு பப்பும் ஒரு வருஷம் சொல்லும். ஸ்டோன்கேட்ல இருக்கற "ஓல்ட் ஸ்டார் இன்" 1644ல இருந்து லைசென்ஸ் இருக்குன்னு சொல்லும். "கோல்டன் ஃப்ளீஸ்" 1503லயே எங்க பேர் ஏட்டுல இருக்குன்னு சொல்லும். பீஸ்ஹோம் கிரீன்ல "பிளாக் ஸ்வான்" கட்டடம் 15ஆம் நூற்றாண்டு, ஆனா அப்ப அது பப் இல்ல, மேயர் பதவியில இருந்த போவ்ஸ் குடும்பத்தோட வீடு. போர்டுல இருக்கற வருஷத்தைப் பாத்து உள்ள போனா பாதி நேரம் ஏமாந்துதான் வரணும். வெளிய 1600ன்னு இருக்கும், உள்ள போன வருஷம் போட்ட சோபா இருக்கும்.

பிரவீன்: அப்ப எதை வெச்சு செலக்ட் பண்றது அக்கா

வித்யா: உள்ள இருக்கற ரூமை வெச்சு. அதைப் பாத்தா என் ஓட்டு "புளூ பெல்"லுக்குத்தான். ஃபாஸ்கேட்ல இருக்கு. தெருவுல நடந்து போறப்போ கண்ணுல படாம தாண்டிப் போயிடுவோம், அவ்வளவு குறுகலான முகப்பு.

வித்யா: உள்ள 1903ல ஒரு தடவை புதுப்பிச்சாங்க. அதுக்கப்புறம் பெருசா யாரும் கை வைக்கல. முன்னாடி ஒரு ரூம், பின்னாடி ஒரு ரூம், ரெண்டுக்கும் பக்கத்துல ஒரு நடை. முன் ரூம் நம்ம ரயில் கூப்பே சைஸ்தான் இருக்கும். சுவர் முழுக்கப் பழுப்பு மரப் பலகை, கதவுல பூ வேலை பண்ணின கண்ணாடி. அந்த நடையில நிக்கறவங்களுக்கு சுவத்துல ஒரு சின்ன ஜன்னல் வழியா பீர் குடுப்பாங்க. ஒருத்தர் கிளாஸைத் தூக்கணும்னா பக்கத்துல இருக்கறவர் முழங்கையை மடக்கணும். அந்த நெருக்கத்துல தெரியாதவங்களும் பேச ஆரம்பிச்சுடுவாங்க, அதான் அழகே.

செல்வி: இவ்வளவு நெருக்கத்துல பொம்பளைங்க எப்படிம்மா போறது?

வித்யா: நான் போறேனே அத்தை. ஆனா நீங்க கேக்கறது நியாயம்தான். அந்த முன் ரூமுக்குள்ள ரொம்ப காலம் பெண்களை விடவே இல்ல. இப்ப அப்படி ஒண்ணும் கிடையாது.

சரோஜா: நான் போறேனேன்னா? எப்ப இருந்து?

வித்யா: அம்மா அப்புறம் பேசலாம்

பிரவீன்: 🍿

வித்யா: சனிக்கிழமை மட்டும் வேண்டாம் மாமா. கல்யாணத்துக்கு முந்தின பார்ட்டின்னு கும்பல் கும்பலா வெளியூர்க்காரங்க வந்து இறங்குவாங்க, குதிரைப் பந்தய நாளா இருந்தா கால் வைக்க இடம் இருக்காது. செவ்வாய், புதன்ல வாங்க. மதியம் கதவு திறந்தவுடனே போயிட்டா உக்கார இடம் கிடைக்கும்.

ரமேஷ்: சரி செவ்வாய். பீர் ஜில்லுன்னு இருக்குமா?

வித்யா: இருக்காது. காஸ்க் ஏல் 12 டிகிரி பக்கம்தான் இருக்கணும். ஜில்லுன்னு ஆக்கினா ருசி செத்துடும். ஐஸ் கேட்டு என் மானத்தை வாங்கிடாதீங்க. அரை பைண்ட் வாங்குங்க, 284 மில்லிதான். பிடிச்சா அடுத்தது.

*சனிக்கிழமை*

செல்வி: நான் எங்க சாப்பிடறது அதைச் சொல்லு. பப்ல சிப்ஸ் கிடைக்குமில்ல, உருளைக்கிழங்குதானே?

வித்யா: அத்தை, கண்டிப்பா கேட்டுட்டு வாங்குங்க. யார்க்‌ஷயர் பக்கம் நிறைய இடத்துல சிப்ஸை மாட்டுக் கொழுப்புலதான் பொரிப்பாங்க. மீன் சிப்ஸ் கடைங்கள்ல ரொம்ப சகஜம். யார்க்‌ஷயர் புட்டிங்னு பேரைப் பாத்து இனிப்புன்னு நினைச்சிடாதீங்க. முட்டை, மைதா, பால் கலந்து கரைச்ச மாவு, அதையும் கொழுப்புல சுடற பழக்கம் உண்டு.

செல்வி: நல்லவேளை சொன்ன. நான் புளியோதரை கட்டிட்டு வந்துடறேன்.

வித்யா: பப்புக்குள்ள பிரிக்காதீங்க 😄 மின்ஸ்டர் பக்கத்துல புல்வெளியில உக்காந்து சாப்பிடலாம். உங்களுக்கு பப்ல லைம் அண்ட் சோடா சொல்லலாம், டீ காபியும் நிறைய இடத்துல உண்டு.

பிரவீன்: அக்கா, சர்வர் வருவாரா டேபிளுக்கு?

வித்யா: வரமாட்டாங்க. பார்ல போய் நின்னு, வாங்கி, அங்கயே காசு குடுத்து, நீதான் தூக்கிட்டு வரணும். வரிசைன்னு ஒண்ணு கண்ணுக்குத் தெரியாது, ஆனா யாருக்கு அப்புறம் யார்னு அங்க நிக்கற எல்லாருக்கும் தெரியும். "உங்களுக்கு முன்னாடி இவர்"னு விட்டுக் குடுத்தா உன்னை நல்ல பையன்னு நினைப்பாங்க. டிப்ஸ் தேவையில்ல.

ரமேஷ்: ஒரே பப்தானா? வேற?

வித்யா: ஆத்தோரம் "கிங்ஸ் ஆர்ம்ஸ்" கட்டாயம் பாக்கணும். ஊஸ் ஆறு வாசல்லயே ஓடுது. வெள்ளம் வந்தா நேரா உள்ள வந்துடும், அதனால பீரைக் கீழ வைக்காம மாடியில வெச்சிருக்காங்க. எந்த வருஷம் தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுன்னு உள்ள குறிச்சு வெச்சிருக்காங்க. 2000 நவம்பர்ல ஆறு வழக்கத்தைவிட 5.4 மீட்டர் ஏறிடுச்சு. அந்தக் குறி பக்கத்துல நின்னு பாருங்க மாமா, உங்க உயரத்துக்கு அப்பதான் புரியும்.

ரமேஷ்: அங்க ஒரு போட்டோ எடுத்துக் குரூப்ல போடறேன்

வித்யா: முடியாது. அது சாம் ஸ்மித் ப்ரூவரியோட பப். உள்ள செல்போன் எடுக்கக் கூடாதுன்னு 2019ல ரூல் போட்டாங்க. பேசணும்னா வெளிய போகணும். அதுக்கு முன்னாடி 2017ல கெட்ட வார்த்தைக்கும் தடை.

சரோஜா: அந்த முதலாளி நல்லா இருக்கணும். செல்லே இல்லாம ரமேஷ் ஒரு மணி நேரம் உக்காந்தா அதையே போட்டோ எடுக்கலாம்.

பிரவீன்: எடுக்கத்தான் முடியாதே அத்தை

வித்யா: 1758ல ஆரம்பிச்ச ப்ரூவரி, பக்கத்துல டாட்காஸ்டர்ங்கற ஊர்ல. இன்னும் மரப்பீப்பாய் செய்ய ஆள் வெச்சிருக்காங்க, உள்ளூர் டெலிவரிக்குக் குதிரை வண்டி கூட உண்டு. மாமா, இவங்க பாட்டில் பீர் பெரும்பாலும் வீகன். கைப்பம்புல வர்றது மட்டும் வேண்டாம்.

ரமேஷ்: நீ மாமாவுக்கு நல்லது பண்ற பொண்ணு

பிரவீன்: அந்த கை ஃபாக்ஸ் பிறந்த பப்னு ஒண்ணு இருக்காமே? பேய் பப்னும் போட்டிருந்தாங்க.

வித்யா: கை ஃபாக்ஸ் இன் மின்ஸ்டர் எதிர்ல. பார்லிமென்டை வெடிக்க வைக்கப் பாத்தாரே 1605ல, அவரேதான். பக்கத்து சர்ச்ல 1570 ஏப்ரல்ல ஞானஸ்நானம் குடுத்ததுக்குப் பதிவேடு இருக்கு. பிறந்தது அந்த பப்லதானாங்கறது வேற விஷயம், ஸ்டோன்கேட்லயும் ஒரு வீட்டைக் காட்டுவாங்க. உள்ள கேஸ் விளக்கு எரியும், அதுக்காகவே சாயங்காலம் ஒரு எட்டு போலாம். பேய் பப் மேல சொன்ன கோல்டன் ஃப்ளீஸ்தான். வாசல் மேல தங்க கலர் ஆடு தொங்கும். வெளிய நின்னு பாத்தா போதும், எனக்கு உள்ள ரொம்ப பிடிக்கல, பேய்க்கதையே வியாபாரம்.

ரமேஷ்: அப்ப அந்த 1644?

வித்யா: ஸ்டார் இன்? ஸ்டோன்கேட்ல நடக்கறப்போ தலையைத் தூக்குங்க. தெருவைக் குறுக்கா தாண்டி ஒரு உத்தரம் போகும், அதுதான் அவங்க போர்டு. பப் சந்துக்குள்ள உள்ளடங்கி இருக்கு, அதனால இப்படிக் கூப்பிடறாங்க. பின்னாடி முற்றத்துல உக்காந்தா மின்ஸ்டர் கோபுரம் தெரியும். அத்தைக்கு அங்க கால் நீட்டி உக்கார வசதி.

செல்வி: கல் பாவின தெருன்னு பிரவீன் சொன்னான். செருப்பா ஷூவா?

வித்யா: ஷூ அத்தை, அடி நல்லா கெட்டியா இருக்கறதா. ஷாம்பிள்ஸ் பக்கம் கல்லு மேடும் பள்ளமுமா இருக்கும்.

பிரவீன்: செவ்வாய்க்கிழமை பர்மிங்காம்ல இருந்து நேர் ட்ரெயின் புக் பண்ணிட்டேன். மதியத்துக்கு முன்னாடி இறங்கிடுவோம். புளூ பெல் வாசல்ல மீட் பண்ணலாமா அக்கா?

வித்யா: வேண்டாம், நான் ஸ்டேஷனுக்கே வர்றேன். உள்ளயே "யார்க் டேப்"னு ஒரு பப் இருக்கு, 1907ல டீ ரூமா கட்டினது. மேல கலர் கண்ணாடிக் கூரை. அது முன்னாடி நில்லுங்க.